நாலாவது உறை

போடி கடைத்தெருவில் பஸ்சு கிளப்பிய புழுதி வெயிலில் மிதக்கிறது. தோல் தைக்கும் அமாவாசையின் கடை வாசலில், ஏலத்தோட்ட முதலாளி வெள்ளைத்துரை கைகளைத் தூக்கியபடி நிற்கிறார். அவருடைய கைத்துப்பாக்கி உள்ளங்கையளவுதான். ஒருமுறை சிறுத்தையொன்று அதை விழுங்கிவிட்டு, பசி அடங்கவில்லையென்று என்னிடம் வந்து முறையிட்டது. வேட்டிக்குள் துப்பாக்கி தெரியாமலிருக்க, மனைவி குருவம்மாள் தன் பழைய சேலையைக் கிழித்து உறை தைத்திருந்தாள். போன வாரம், அவளுடைய பதினாறாம் நாள் காரியத்தில் சேலைகளைச் சலவைக்காரிக்குக் கொடுத்தபோது, மூட்டையோடு அந்த உறையும் போய்விட்டது. "இது ஆட்டுத்தோலு மொதலாளி, பஞ்சு மாதிரி கெடக்கும்" என்று நாலாவது உறையை இடுப்பில் கட்டுகிறான் அமாவாசை. "குத்துதுப்பா." அவன் அதை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொள்கிறான். வெள்ளைத்துரை வெறும் இடுப்பைத் தடவிப் பார்க்கிறார். "இப்பவும் குத்துதுப்பா."