நீளம் பார்க்க வந்தவர்

வந்தவர் பொனட்டைத் திறக்கவேயில்லை. நேரே பின்பக்கம் போய் டிக்கிக் கதவைத் தூக்கினார். பின்சீட்டை மடித்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே ஏறி மல்லாந்து படுத்தார்.

பௌஸி இரண்டு கையிலும் பிளேன்டீக் கோப்பையோடு நின்றார்.

கார் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் எஞ்சினைத்தான் பார்ப்பார்கள். இவரோ, தன் வாகனத்தைத் தானே கழற்றிப் பூட்டுகிறவர் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். பெயர் சத்தியநாராயணன். வெள்ளவத்தையிலிருந்து வந்திருந்தார். நகக்கண்களில் கறுப்பு எண்ணெய் படிந்திருந்தது. அப்படிப்பட்டவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

“என்ன அண்ணன், ஒடம்புக்கு ஏலாம ஈக்கா?”

“இல்லை நானா. நீளம் பாக்கிறன்.”

அது பழைய ஜெர்மன் ஸ்டேஷன் வேகன். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது பௌஸி வாங்கியது. பிள்ளைகள் இப்போது மெல்பர்னில். மகளின் பிரசவத்துக்கென்று போன மனைவி ஜவாஹிறா, பேரப்பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகும் திரும்பவில்லை. கொட்டாஞ்சேனை வீட்டில் பௌஸி மட்டும்தான். விற்பனை விளம்பரம் போட்ட நாளிலிருந்து தொலைபேசி அடிக்கடி அடித்தது. அந்தச் சத்தத்துக்காகவே காரை யாருக்கும் கொடுக்காமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார் என்றும் சொல்லலாம்.

எண்ணெய் கசிவதைச் சொன்னார். சில பாகங்கள், உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலும் லேசில் கிடைக்காது என்பதையும் மறைக்கவில்லை.

சத்தியநாராயணன் படுத்தபடியே தலையை ஆட்டினார்.

“எஞ்சின் பிழையெண்டா நான் திருத்துவன். நீளம் காணாட்டி ஒண்டும் செய்யேலாது.”

பிறகு எழுந்து உட்கார்ந்து, தயங்கித் தயங்கி ஓர் உதவி கேட்டார். தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். பௌஸி பின்னால் படுத்துக்கொண்டு வர வேண்டும்.

ஆளுக்கு மூளை சரிதானா என்று பௌஸி யோசித்தார். வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இவர் போய்விடுவார். கோப்பைகளை மதிலில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

தன் காரில் அவர் படுத்தது அதுவே முதல் தடவை. கண்ணாடிக்கு வெளியே மின்கம்பிகள் ஓடின. பல்கனிகளில் காய்ந்த உடுப்புகள், லூசியா தேவாலயத்தின் குவிமாடம், ஒரு துண்டு வானம். தூரப் பயணம் போய்த் திரும்பும்போது பிள்ளைகள் இங்கேதான் தூங்கிப்போவார்கள். வீடு வந்ததும் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போடுவார். அவர்கள் பார்த்தது இதைத்தானா?

கார் ஊர்ந்தது. பின்னால் முச்சக்கரவண்டிகள் பொறுமையிழந்து ஹோன் அடித்தன. சத்தியநாராயணன் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறியபின் ஒன்றைத்தான் கேட்டார்.

“நோகுதா?”

முதலில் பௌஸிக்குச் சிரிப்பு வந்தது. இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். அளுத்மாவத்தையில் பெரிய குழியொன்று வந்தது. மறுபடியும் அந்தக் குரல் மெதுவாகக் கேட்டது. தன்னிடம் யாரும் அப்படிக் கேட்டு எவ்வளவு காலமாகிறது என்று நினைத்துக்கொண்டார்.

காக்கைத்தீவுக் கடற்கரையில், காரின் பின்பக்கம் கடலைப் பார்க்கும்படி நிறுத்திவிட்டு, சத்தியநாராயணன் இறங்கிவந்து டிக்கிக் கதவை உயர்த்தினார். பௌஸியைத் தலையை முன்சீட்டுப் பக்கம் வைத்துப் படுக்கச் சொன்னார். கடல் தெரிகிறதா என்று கேட்டார்.

வானம்தான் தெரிந்தது.

“தலைய கொஞ்சம் ஒசத்தோணும்.”

சத்தியநாராயணன் முன்சீட்டுக்குக் கீழே கிடந்த ரப்பர் விரிப்பைச் சுருட்டிப் பௌஸியின் தலைக்குக் கீழே வைத்தார். போதவில்லை. இரண்டாவதையும் சுருட்டி வைத்தார். இப்போது தெரிந்தது. ஆற்றுத்தண்ணீர் கலந்த செம்மண் நிறக் கடல், அதற்கப்பால் நீலம், நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள்.

தெரிகிறது என்று பௌஸி சொன்னார்.

சத்தியநாராயணன் பம்பரின் ஓரத்தில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். உண்மையாகவே தெரிகிறதா என்று பார்ப்பவர்போல் பௌஸியின் முகத்தையே கவனித்தார். பிறகுதான் சொல்லத் தொடங்கினார்.

மனைவி ரமணிக்காகத்தான் கார். மாடிப்படியில் விழுந்ததிலிருந்து அவளால் உட்கார முடியாது, படுத்தபடிதான். ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோவார். படுத்திருக்கிறவருக்கு அதில் வெளியே எதுவும் தெரியாது. வீடோ கடலோரமாகப் போகும் மெரைன் டிரைவுக்குப் பக்கத்து ஒழுங்கையில். விழுந்தபிறகு எதையுமே கேட்காதவள், போன மாதம் கடலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டாள். ஜெர்மன் வேகன் பாரமானது, அதிகம் குலுக்காது என்று யாரோ சொன்னார்களாம். உயரத்தில் அவளும் ஏறக்குறைய பௌஸியைப் போலத்தானாம்.

“அலைச்சத்தம் கட்டில் வரைக்கும் வரும், நானா. காட்டத்தான் ஏலாமக் கிடக்கு.”

பௌஸி சட்டைப்பையைத் தடவிக் காரின் மற்றச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். வேறு யாருக்கும் கொடுக்கப்போவதில்லை என்றார். சத்தியநாராயணன் சாவியை இறுகப் பொத்திக்கொண்டார்.

சூரியன் கப்பல்களுக்கு நடுவே இறங்கிக்கொண்டிருந்தது. கரையில் நின்றவர்கள் தொலைபேசிகளைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

“திரும்பிப் பாருங்க அண்ணன், என்ன வடிவா ஈக்கி.”

சத்தியநாராயணன் திரும்பவில்லை.

“அவ விழுந்த நாளிலயிருந்து நானும் கடலப் பாக்கிறேல்ல, நானா.”