இரண்டாக அறுத்த அலமாரி

"அக்கா, இன்னைக்கு மட்டும் அத்தான் அந்த அலமாரிக் கதையை எடுக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

சமையலறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகத் தங்கை ஆரம்பித்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாகக் கணவனை அக்கா வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்திருக்கிறாள். அவன் முன்னால் அக்காவின் மானம் கப்பலேறுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "சொல்லிட்டுப் போகட்டும்டி. உனக்கென்ன?"

"எனக்கென்னவா? வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் உன்னை முட்டாளாக்குறார். நீயும் ஈன்னு இளிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க. போதாததுக்கு ‘அப்புறம் என்ன ஆச்சு?’ன்னு கேள்வி வேற!"

"கேட்டாத்தானேடி சொல்லுவார்?"

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

அத்தானுக்கு மரச்சாமான் பட்டறை. ஊருக்கெல்லாம் கட்டிலும் மேசையும் செய்து கொடுப்பவர், கல்யாணமான புதிதில் தன் வீட்டுக்கென்று பார்த்துப் பார்த்து ஓர் அலமாரி செய்தார். வண்டியில் ஏற்றி, ஆள் வைத்துத் தூக்கி வந்தால், படுக்கையறை வாசலுக்குள் அது நுழையவே இல்லை. கடைசியில் அவரே ரம்பத்தை எடுத்து அதை இரண்டாக அறுத்தார். இன்றும் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒரு பாதி, அந்தப் பக்கம் ஒரு பாதி நிற்கிறது.

"பொண்டாட்டி சொன்ன அளவை நம்பினேன். என் கதியைப் பாருங்க!" என்று முடிப்பார். வந்தவர்கள் அக்காவைப் பார்த்துச் சிரிப்பார்கள். தங்கைக்கு இது மனப்பாடம். அத்தான் தொண்டையைக் கனைத்தாலே அவள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள்.

சாப்பாட்டு மேசையில் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"நாற்காலி சௌகரியமா இருக்கா, சகலை? நம்ம பட்டறையில செஞ்சது."

"அத்தான், நாற்காலியை விடுங்க. இவரோட ஆபீஸைப் பத்திக் கேளுங்க" என்று தங்கை பேச்சை மாற்றினாள்.

புது மாப்பிள்ளை உற்சாகமாக நிமிர்ந்தான். "எங்க ஆபீஸ்ல இப்பத்தான் புதுசா ஒரு அலமாரி வாங்கினாங்க..."

மேசைக்கடியில் தங்கை கணவனுக்கு விட்ட உதை அத்தான் காலில் பட்டது. ஆனால் காரியம் கைமீறிவிட்டது.

"அலமாரின்னதும்தான் ஞாபகம் வருது, சகலை..."

அக்கா பரிமாறுவதை அப்படியே போட்டுவிட்டு, கையில் கரண்டியோடு உட்கார்ந்தாள். "சொல்லுங்க."

எழுந்து போகவும் வழியில்லாமல் தங்கை பல்லைக் கடித்தாள். கதையை எந்த இடத்தில் எப்படி வெட்டுவது என்பதுதான் அவள் யோசனை முழுக்க. வண்டி வந்தது, அலமாரி இறங்கியது, வாசலில் முட்டியது. மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான்.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்றாள் அக்கா.

அத்தான் சோற்றைப் பிசைந்தார். "அளக்கிற டேப் அன்னைக்கு என் சட்டைப் பையிலேயேதான் இருந்துச்சு, சகலை. உண்மையில நடந்தது என்னன்னா..."

தங்கையின் முழங்கை தண்ணீர் ஜாடியைத் தள்ளியது. அத்தனையும் மாப்பிள்ளையின் மடியில்.

எல்லாரும் எழுந்தார்கள். துண்டு எங்கே, மாற்றுத்துணி எங்கே என்று ஒரே களேபரம். "சரி விடுங்க, அது பழைய கதை" என்று சொல்லிவிட்டு அத்தான் சகலையை உள்ளே கூட்டிப் போனார்.

சமையலறையில் தங்கை கண் சிமிட்டினாள். "எப்படிக் காப்பாத்தினேன் பார்த்தியா?"

"கெடுத்தியேடி பாவி!" அக்காவின் கண்ணில் தண்ணீர்.

"என்னக்கா?"

"முதல்ல எல்லாம் முழுத் தப்பும் என் மேல. பெரியவன் பிறந்தப்புறம், ‘இவ சொன்னது எனக்குச் சரியா காதுல விழல’ன்னார். போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரங்க வந்தப்போ, ‘வாசலை அளந்துக்கோங்கன்னு இவ சொன்ன மாதிரிதான் ஞாபகம்’னார். நீதான் எழுந்து ஓடிடுவியே, உனக்கெங்க தெரியும்?"

"தப்பு அவர் மேலதான்னு அன்னைக்கே நீ அவர்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா..."

"சொன்னேனே! வீடே ரெண்டுபட்டுப் போச்சு. நான் சொன்னா அவருக்குக் கேக்காதுடி. அவர் சொல்றது அவர் காதுலயே விழணும். அதுக்கு எதிர்ல ஒருத்தி உட்கார்ந்து கேட்டாகணும்."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அக்கா.

"இத்தனை வருஷமா சிரிச்சுச் சிரிச்சுக் கேட்டு, இன்னைக்குத்தான் அந்த டேப் வரைக்கும் கொண்டுவந்தேன். இன்னும் ஒரே ஒரு வார்த்தைதான்டி பாக்கி இருந்துச்சு!"