தனக்கா பூசிய கன்னம்

1967 ஏப்ரல், கோடம்பாக்கம். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த நல்லசிவமும் மனைவி பேச்சியம்மாளும் வாடகைக்கு அறை கேட்டு ஒரு வாசலில் நிற்கிறார்கள். மாலைக்குள் அகதி முகாமைக் காலி செய்தாக வேண்டும். உச்சி வெயில். ரங்கூனில் பிறந்த பேச்சியம்மாளின் கன்னங்களில், அந்த ஊர் வழக்கப்படி குளிர்ச்சிக்காக அரைத்துப் பூசிய தனக்கா மரப்பட்டைச் சாந்து மஞ்சளாகக் காய்ந்திருக்கிறது.

“இன்னாம்மா, மேக்கப்போடவே வந்துகீறே? சினிமாக்காரிக்கு ரூம் கெடையாது,” என்கிறாள் வீட்டுக்காரி.

“இது வெயிலுக்குப் பூசுறதும்மா. எங்க ஊர்ல எல்லாரும்...”

“எது உங்க ஊரு?”

“திருநெல்வேலி,” என்று முந்திக்கொள்கிறான் நல்லசிவம். மனைவியைப் பார்க்காமலே, “துடைச்சிரு,” என்கிறான்.

அவள் முந்தானையில் எச்சில் தொட்டு அழுத்தித் தேய்க்கிறாள். கன்னம் சிவக்கிறது.

“இப்பத்தான் குடும்பப் பொண்ணு மாதிரி கீறே,” என்கிறாள் வீட்டுக்காரி.

அறை கிடைக்கிறது.