சுப நம்பர்

ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரன் ஒருவன் விற்றுவிட்டுப் போன சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், தேரடி வீதி வெயிலில் பழுக்கக் காய்ந்து நிற்கிறது. நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. முன்னால் தரையில் கற்பூரம் எரிகிறது. வாங்க வந்த சகாதேவன், உடைக்கவேண்டிய தேங்காயைக் கையில் ஏந்தியபடி உள்ளே குனிகிறான். மீட்டரில் 10101. நேற்று மலையைச் சுற்றி ஓட்டிப் பார்க்க ஏறியபோதும் அதே 10101தான். இறங்கும்போது ஒன்பது மைல் கூடியிருந்ததை இவனே பார்த்தான். அந்த ஒன்பது மைலை இப்போது காணோம். காது மடல் சுடுகிறது. “மீட்டர எவன்டா திருப்பினது?” புரோக்கர் இருசப்பன் பெல்பாட்டத்தில் கையைத் துடைத்துக்கொண்டு இளிக்கிறான். “பூஜையும் அதுவுமா சுப நம்பரா இருக்கட்டுமேன்னு, நான்தாண்ணே.” “அப்ப அதுக்கு முன்னாடி எத்தினி ஆயிரம்டா திருப்பின?” இருசப்பனின் பல் உள்ளே போகிறது. சகாதேவன் அவன் பிடரியைப் பிடித்துக் காருக்குள் தள்ளி, மீட்டருக்கு நேரே முகத்தை அழுத்துகிறான். ஸ்டியரிங்கில் இடித்து உதடு கிழிகிறது. அவன் நெஞ்சுக்கடியில் ஹாரன் மாட்டிக்கொண்டு ஓயாமல் அலறுகிறது. தேங்காய் அவன் காதை உரசிக்கொண்டு மீட்டரில் இறங்குகிறது. கண்ணாடி நொறுங்கித் தெறிக்கிறது; உடைந்த எண்களின்மேல் தேங்காய்த் தண்ணீர் வழிகிறது. பிடி தளர்ந்ததும் ஹாரன் நிற்கிறது. இருசப்பன் வாயிலிருந்த ரத்தத்தை விழுங்கிவிட்டு, சீட்டில் கிடக்கும் இரண்டு மூடிகளையும் பார்க்கிறான்.

“சரிபாதியா ஒடஞ்சிருக்குண்ணே,” என்கிறான். “நல்ல சகுனம்.”