பதினோராவது புகார்

"அந்த மலைக்காரங்க பாட்டுல அப்படி என்னங்க இருக்கு? என் புகாரை எழுதிக்குங்க."

சனிக்கிழமை காலை ஒலிபரப்பு முடிந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஃபோனில் தையல்காரர். அறிவிப்பாளர் நோட்டை எடுத்தாள். பெயரும் விலாசமும் அவளுக்கு மனப்பாடம். புகார் மட்டும்தான் புதிது. பாட்டு ரொம்ப இழுவையாம்.

மருந்துக்கடை மாடியில் இரண்டே அறையில் நடக்கும் சமூக வானொலி அது. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, ஜன்னலுக்குக் கம்பளம் போர்த்தி, ஒலிப்பதிவுக்கூடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் நடத்திய நிகழ்ச்சி 'நாலு திசைத் தாளம்'. கடற்கரைக்காரர்கள், ஆற்றோரத்தார், செங்கல் சூளை வேலைக்கு வந்து தங்கியவர்கள், மலைக்காரர்கள் என்று வாரம் ஒரு கூட்டத்தாரின் பாட்டும் ஆட்டமும் முறை வைத்து வரும்.

ரேடியோவில் ஆட்டமா என்று சிரித்தவர்கள் உண்டு. அவள் ஆடுகிறவர்களின் காலடியில் ஒரு மைக்கை வைத்துவிட்டு, யார் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள், எங்கே கைகோக்கிறார்கள் என்று கூடவே சொல்லிக்கொண்டு போவாள். சிரித்தவர்களும் பிறகு வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

மலைக்காரப் பெண்களின் வட்ட ஆட்டத்துக்காக, பஸ் போகாத பாதையில் மூன்று மணி நேரம் நடந்தாள். அவர்கள் முதலில் பாடவே மாட்டோம் என்றார்கள். கீழே இருப்பவர்கள் கேலி பண்ணுவார்களாம். அதற்கு நான் பொறுப்பு என்று அவள் சொன்ன பிறகுதான் எழுந்து நின்றார்கள். அப்புறம் இரண்டு நாள் ஓயவில்லை. ஒரு வருஷத்துக்கு வேண்டிய பாட்டு சேர்ந்துவிட்டது.

தையல்காரர் மற்ற மூன்று கூட்டத்தாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மலைக்காரர் முறை வந்தால் மட்டும் ஃபோன் அடிக்கும். ஒரு தடவை குரல் கட்டை என்றார். இன்னொரு தடவை, வர்ணனையில் இடது கால் என்றது தப்பு, வலது கால்தான் என்று சண்டைக்கே வந்துவிட்டார். வேண்டுமென்றே கடுப்பேற்றுகிற மனுஷன் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

தொல்லை அதோடு நிற்காது. புகார் வந்த பாட்டைப் புதன்கிழமை 'நேயர் மன்றத்தில்' முழுதாக இன்னொரு முறை போட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்பது நிலைய விதி. அதையும் அவள்தான் செய்ய வேண்டும்.

அன்று நோட்டைப் புரட்டிய மேலாளர், இது பதினோராவது புகார் என்றார். குழுவிலும் பேசியாகிவிட்டதாம். அடுத்த மாதத்திலிருந்து மலைக்காரர் பாட்டு வேண்டாம். பதினொன்றும் ஒரே ஆள் கொடுத்தது என்று அவள் வாதாடிப் பார்த்தாள்.

"ஆள் ஒண்ணா இருந்தா என்ன? கணக்கு பதினொண்ணுதானே?" என்றார் மேலாளர். வேண்டுமானால் அந்த ஆளே எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும், பார்க்கலாம் என்றார்.

மலையில் ஒரே ஒரு மேட்டில்தான் ரேடியோ எடுக்கும். தங்கள் முறை வருகிற சனிக்கிழமை, அந்தப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று அவளுக்குத் தகவல் வந்திருந்தது. அவர்களிடம் என்ன சொல்வது? திங்கட்கிழமை, புகார்களை வாபஸ் வாங்குவதாக ஒரு தாளில் நாலு வரி எழுதிக்கொண்டு தையல்கடைக்குப் போனாள்.

அது அவருடைய மாமனார் வைத்த கடை. ஒரு மெஷினில் தையல்காரர், வெட்டுப் பலகையில் அவருடைய மச்சான். மனைவி பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். வானொலியிலிருந்து வருகிறேன் என்றதும் மனைவிக்கு ஒரே சந்தோஷம்.

"நிறுத்தப் போறீங்களா? நல்லது. அந்தச் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. எங்க அண்ணன் ரேடியோவை அணைன்னுதான் சொல்லும். இவர்தான் 'குத்தம் கண்டுபிடிக்கணும், பேசாம இருங்க'ன்னு கடைசி வரைக்கும் கேப்பாரு."

அந்தக் கூட்டத்தை வாசலிலேயே நிறுத்த வேண்டும், ரேடியோவில் வேறு ஏற்றி விடுகிறார்கள் என்று அண்ணன்காரர் தலை நிமிராமல் சொன்னார்.

அவளுக்குச் சுருக்கென்றது. தாளை நீட்டக்கூட மனம் வரவில்லை.

"நீங்க ஜெயிச்சிட்டீங்க சார். அடுத்த மாசத்துலேர்ந்து அவங்க பாட்டு வராது."

மெஷின் நின்றது.

"புதன்கிழமை?"

"பாட்டே இல்லைன்னா புகார் ஏது? புதன்கிழமையும் வராது."

தையல்காரர் அவள் கையிலிருந்த தாளைத் தாமே வாங்கினார். மனைவிக்கு முதுகைக் காட்டி நின்று படித்தார். அவளிடமே பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டார். என்ன அது என்று மனைவி கேட்டதற்கு, விலாசம் சரிபார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, அவளுக்குப் பஸ் நிறுத்தம் காட்டுவதாக வெளியே வந்தார்.

தெருமுனை திரும்பினார்கள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இவ்வளவு திட்டினீங்க. இப்ப ஏன் சார் கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"நேயர் விருப்பத்துல கேட்டா, இந்தப் பாட்டு உனக்கு எதுக்குன்னு வீட்ல கேப்பாங்க மேடம். திட்டினா யாரும் எதுக்குன்னு கேக்கிறதில்லை. புதன்கிழமை இன்னொரு தடவையும் போடுவீங்க," என்றார் தையல்காரர். "அதுல முதல் குரல் எடுத்துப் பாடுறது எங்க அம்மா."