பாயிண்ட் இல்லாத ஆளு

"சனியன், மறுபடியும் வந்துட்டான்யா இந்தாளு!"

பிரவின்குமார் போட்ட கத்தல்ல, கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் கிச்சன்ல தோசை ஊத்திகினு இருந்த சுஷ்மிதா கரண்டியோட ஓடி வந்தா.

"இன்னா ஆச்சு?"

"கான்டெஸ்ட் முடிய அரை மணி நேரந்தான் கீது. போன வருசம் ஒரே ஒரு பாயிண்ட்ல மதுரக்காரன்கிட்ட கப்பு போச்சு. இந்த வாட்டி விடக்கூடாதுன்னு காலைலேருந்து உக்காந்துகினு கீறேன். இவன் உயிர எடுக்கறான்!"

வீட்லேருந்தே ரேடியோல ஊர் ஊரா ஆளப் புடிக்கற ஹாம் ரேடியோக்காரங்க எல்லாம் விண்டோஸுக்கு மாறியாச்சு. பிரவின் மட்டும் அந்தப் பழைய 486 கம்ப்யூட்டர விடல. கருப்பு ஸ்க்ரீன், டாஸ் சாப்ட்வேர். இவன் டைப் அடிச்சா அதுவே மோர்ஸ் கோடா, தந்தி மாதிரி மாத்தி படபடன்னு அனுப்பிரும். பேச்சே கிடையாது, எல்லாம் டிட்-டா சத்தந்தான். கான்டெஸ்ட்ல புது ஆளு மாட்டுனா ஒரு பாயிண்ட். ஏற்கெனவே மாட்டுன ஆளு திரும்ப வந்தா, 'டூப்'னு காட்டி பீப்புனு கத்தும். பாயிண்ட் சைபர்.

"இதோட நாலு வாட்டி வந்துட்டான், சுஷ்மி. கையால தட்டறான் போல. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவுல நான் போயி டீ குடிச்சிட்டே வந்துர்லாம்!"

"புதுசா லைசென்ஸ் எடுத்த ஆளா இருக்கும். பதில் குடேன், பாவம்."

"குடுத்தா அந்த கேப்புல மதுரக்காரன் பூந்து போய்டுவான். உனுக்கு இன்னா தெரியும்? போ, தோச கருகுது பாரு."

சுஷ்மிதா போகல. ஸ்க்ரீன்ல மின்னுன கால்சைனயே, அந்தாளோட லைசென்ஸ் எழுத்தயே பாத்துகினு நின்னா.

"ஒரே ஒரு வாட்டி, பிரவின். ஒரு வணக்கமாச்சும் சொல்லு."

"அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்கற?"

கடுப்புல டொக்கு டொக்குன்னு டைப் அடிச்சான்: 'டூப். இனிமே கூப்பிடாத.'

கம்ப்யூட்டர் ஒரே மூச்சுல அனுப்பிருச்சு.

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம் ஸ்பீக்கர்ல, தடுமாறித் தடுமாறி ஒத்த வார்த்த வந்துச்சு.

'சாரி.'

"அப்பாடா, ஒழிஞ்சான்!"

சுஷ்மிதா கரண்டிய மேசை மேல வெச்சா.

"உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அத்தை போன்ல சொல்லிருந்தாங்க. அந்த கால்சைன் உங்கப்பாவோடது."

பிரவின் சேர அவ பக்கம் திருப்புனான்.

"வெளாடாத. நம்ம கல்யாணத்தன்னிக்கு, மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுல ஊரயே கூட்டி வெச்சி, செத்தாலும் உன்கூட ஒரு வார்த்த பேசமாட்டேன்னு சத்தியம் பண்ண மனுஷன் அவரு..."

"ஆமா. அந்த சத்தியத்த மீறக்கூடாதுன்னுதான், அறுவது வயசுல மோர்ஸ் கத்துக்கினு வந்து தட்டறாரு."