வேலியில் தொங்கிய செருப்பு

“வழியை விடுங்க. சுனை என்ன உங்க வீட்டுச் சொத்தா?”

கலைவாணி கேட்டும் அந்த ஆள் நகரவில்லை. முள்வேலிக்கு முன்னால் கழியைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றார். ஐம்பது வயதிருக்கும். காலில் செருப்பு இல்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை.

விடிகாலையில் சென்னையிலிருந்து கிளம்பி ஜவ்வாது மலை ஏறி வந்திருந்தார்கள். இடுப்பில் இரண்டு வயது மகன், கையைப் பிடித்தபடி ஐந்து வயது சங்கரி. கணவன் நவீன்குமார் மட்டும் காரிலேயே உட்கார்ந்துவிட்டான். இறங்கி வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

‘குழந்தைகளோடு ஒரு நாள்’ என்று கலைவாணி ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறாள். மூன்று லட்சம் பேர் பார்க்கிறார்கள். பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம் என்பதோடு, எப்படி வளர்க்கலாம் என்றும் பாடம் எடுப்பாள். போன வாரப் பாடம், பொய் பேசாத குழந்தையை வளர்ப்பது எப்படி என்பது.

“குழந்தைங்க தண்ணியில கொஞ்ச நேரம் விளையாடிட்டு வந்துடுவாங்க. அவ்வளவுதான்.”

“வாணாங்க. குடிக்கிற தண்ணி.”

“அப்படின்னா ஒரு போர்டு வைக்கறது. கழியைத் தூக்கிட்டு நின்னா ஆச்சா?”

“போன வருசம் வரைக்கும் வேலியே இல்லீங்க. குடிக்கிற தண்ணியில ஒருத்தர் கால வெப்பாங்கன்னு எங்க ஜனத்துக்குத் தோணவே இல்ல. நாங்க செருப்பு போட்டுனு கிட்டகூட வரமாட்டோம்.”

“அம்மா, அங்க பாரு...” சங்கரி துப்பட்டாவை இழுத்தாள்.

“பெரியவங்க பேசும்போது குறுக்க பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?”

கலைவாணி செல்போனை அந்த ஆளின் முகத்துக்கு நேராகத் தூக்கினாள். “பாருங்க ஃப்ரெண்ட்ஸ், சின்னக் குழந்தைங்களை எப்படி மிரட்டறார்னு.”

அந்த நேரம் பார்த்து இடுப்பிலிருந்த பையன் தண்ணீர் கேட்டு அழ ஆரம்பித்தான். தண்ணீர் பாட்டில் காரில் இருந்தது.

அந்த ஆள் கழியைக் கீழே போட்டார். மரத்தடியில் இருந்த குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு வந்து நீட்டினார். “குடி கண்ணு.”

பையன் குடித்தான். சங்கரியும் குடித்தாள்.

“சுனைத் தண்ணியா?” கலைவாணியின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“இல்லீங்க. எம் பேரு சடையன். எங்க வூட்டுக்கு மட்டும் இந்தச் சுனையில தண்ணி கெடையாது. எம் பொஞ்சாதி மூணு மைலு நடந்து போயி ஓடையிலேர்ந்து எடுத்துனு வர்றா.”

“உங்களுக்கு மட்டும் ஏன்?”

“போன வருசம் மரத்து மேல ஏறி புளி உலுக்கினு இருந்தேன். கீழ காரு நின்னுச்சு. புள்ளைங்களுக்குத் தாகமா கீது, தண்ணி எங்க கெடைக்கும்னு ஒரு சாரு கேட்டாரு. மேல இருந்தே வழி சொன்னேன். மொகங்கூட சரியா பாக்கல.”

சடையன் சுனையைத் திரும்பிப் பார்த்தார்.

“சாயந்தரம் வந்து பாத்தா சுனை பூரா சோப்பு நொரை. புள்ளைக்குக் கட்டுற டயப்பரு மெதக்குது. அது கூட இதுவும்.”

வேலிக்கம்பத்தில் ஒற்றைச் செருப்பு தொங்கியது. சின்னக் குழந்தை போடுவது. ரோஸ் நிறம், மேலே ஒரு பட்டாம்பூச்சி.

“நாலு நாளு ஊரே சேந்து சுனைய எறைச்சோம். வழி சொன்னவன் நீதானேன்னு ஊரு கூடி என்னை ஒதுக்கி வெச்சிருச்சு. காவல் மட்டும் நான்தான் காக்கணும், தண்ணி தொடக் கூடாது. அந்தக் குடும்பத்தக் கூட்டினு வந்து, சாமி முன்னால தப்புன்னு ஒரு வார்த்த சொல்ல வெச்சா எங்களச் சேத்துக்குவாங்க. காசு கீசு வாணாங்க. ஒரே ஒரு வார்த்த.”

“அம்மா...”

“சும்மா இரு சங்கரி.”

“வர்றவங்க எல்லாரையும் கேட்டுப் பாக்குறேன். நீங்களும் மெட்ராசு போலக் கீது. இந்தச் செருப்பு யாருதுன்னு தெரியுமாங்கம்மா?”

கலைவாணி செருப்பைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“தெரியாதுங்க” என்றாள். “என்ன ஜென்மங்களோ. இவங்களாலதான் எல்லாருக்கும் கெட்ட பேரு.”

சடையன் தலையசைத்தார்.

“நீங்க ஒண்ணு பண்ணுங்க. இப்போ சொன்னதை அப்படியே கேமராவைப் பார்த்து ஒரு தடவை சொல்லுங்க. நான் வீடியோ போடறேன். இனிமே யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்க.”

பாவம் மனுஷன், தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். ஒரு வார்த்தை என்று சொல்லும் இடத்தில் குரல் கம்மியது. அந்த இடத்தை மட்டும் கலைவாணி இன்னொரு தடவை சொல்ல வைத்தாள்.

“நல்லா இருங்கம்மா” என்று கும்பிட்டார்.

அவள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு காருக்கு வேகமாக நடந்தாள். ஏறி உட்கார்ந்ததும், “சீக்கிரம் எடு” என்றாள் கணவனிடம்.

கண்ணாடியை ஏற்றிய பிறகுதான் சங்கரிக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தது.

“அம்மா, அது என் செருப்பும்மா. போன வருஷம் இங்க குளிக்கும்போது தண்ணியில தொலைச்சுட்டேன்னு நீதானே என்னைத் திட்டின?”